மொட்டைமாடிச் சந்தை

விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும், நாலரைக்கு நின்றுவிடும். அந்த அரை மணி நேரத்தில் எழுபத்தெட்டுப் பெண்கள் நாலு குளியலறைகளில் குளித்து முடித்தாக வேண்டும். சுங்குவார்சத்திரத்துச் சந்துக்குள் இருந்த அந்த ஹாஸ்டலில் இதுதான் சட்டம். புது பேட்ச் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், ஒரு வாளிக்கு மூன்று பேர். குளித்தவள் பாக்கியவதி. மற்றவர்கள் முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது. செல்போன் சார்ஜர் செய்கிற லைன். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் பச்சைத் தகட்டை வைத்து, மூடியை மேலே வைத்து, பிரஸ்ஸுக்குள் தள்ள வேண்டும். பிரஸ் இறங்கி அழுத்தும். எடு, அடுத்ததை வை. மணிக்கு நூற்றெண்பது என்று இருந்தது, தைப்பொங்கலுக்குப் பிறகு இருநூற்றிருபது ஆயிற்று. சம்பளம் மட்டும் அசையவில்லை. எட்டு மணி நேரமும் நின்றே செய்கிற வேலை. மூன்றாவது மணியில் கெண்டைக்கால் கல்லாகும். ஐந்தாவது மணியில் பாதம் இருப்பதே தெரியாது. சூடான பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் ஏறி, சாப்பிடும் சோற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கவிப்பிரியாவுக்கு அந்த நாற்றம் நாலு வருஷப் பழக்கம். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்துப் பெண். பதினோரு மாதம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேறொரு ஏஜென்சி பெயரில் மறுபடி வருவாள். இப்படி நாலு தடவை அவள் இதே லைனில் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு வேலை கற்றுக் கொடுத்ததே அவள்தான். ஒவ்வொரு தடவையும் "இந்த வாட்டி ரோல்ல எடுத்துடுவோம்" என்று, வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார்கள். கழுதைக்கு முன்னால் கட்டிய காரட் அது. எட்டாது என்று கழுதைக்கும் தெரியும், ஆனாலும் நடக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவள் பேட்சுக்குக் கடைசி ஷிஃப்ட். கணக்குப்படி இன்னும் பதினேழு நாள் இருந்தது. ஏன் முன்கூட்டியே அனுப்புகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை உலகம்மாளின் வலது ஆள்காட்டி விரல் பிரஸ்ஸுக்குள் போயிற்று. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பெண், கவிப்பிரியாவின் கட்டிலுக்கு மேல்கட்டில். அவளை ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, போனால் வேலையிடத்து விபத்து என்று பதிவாகிவிடும். காண்டிராக்டரின் காரில் ஏதோ ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோய், நசுங்கிய மேல்கணுவை எடுத்துவிட்டுத் தைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். சீட்டில் ‘ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது’ என்று எழுதியிருந்தது. ஒருத்தியை மட்டும் அனுப்பினால் கேள்வி வரும். முப்பத்தெட்டுப் பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டால் காண்டிராக்ட் முடிந்தது, அவ்வளவுதான்.

டீ இடைவேளையில் காண்டிராக்டர் இளங்கோவன் கவிப்பிரியாவைக் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டார். படப்பைக்காரர். அப்பன் காலத்து நிலத்தை விற்று வேன் வாங்கி, வேனை வைத்து ஆள் பிடித்து முதலாளி ஆனவர்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?"

"வேலை போவுது சார். சிரிச்சிக்கினே போவணுமா?"

"உனுக்கு எங்க போவுது? உன்ன ரோல்ல எடுக்கச் சொல்லி ஹெச்ஆர் கிட்ட பேசிட்டேன். நீ ஒரே ஒரு வேலை செய். நாளைக்கு உங்க துணிச் சந்தைய நல்லபடியா நடத்திக் குடு. துணிய வித்துட்டா பொண்ணுங்க பாட்டுக்கு பஸ் ஏறிடும். அப்படியே இந்தப் பேப்பர்ல எல்லாருகிட்டயும் ஒரு கையெழுத்து."

அவள் வாங்கிப் படித்தாள். சொந்தக் காரணத்தால் நாங்களே விலகுகிறோம், நிறுவனத்தின் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது.

"உலகம்மாள் கையெழுத்துதான் முக்கியம்" என்றார்.

"அவ கையிலதான் கட்டு கீதே சார்."

"எடது கைல கட்டைவிரல் கீதுல்ல?"

கவிப்பிரியா பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தூ என்று அவர் காலடியில் போட்டிருக்கலாம், போடவில்லை. ரோல் என்ற சொல் அவளை அப்படி அடித்துப் போட்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் அவளுக்குப் பயம்.

அந்த பிரஸ்ஸுக்கு ஒரு கண் உண்டு. கை உள்ளே இருந்தால் பார்த்துவிட்டு இறங்காமல் நின்றுவிடும். ஆனால் சட்டைக் கை நிழல் பட்டாலும் நின்றுவிடும். நின்றால் இருநூற்றிருபது எங்கே வரும்? சூப்பர்வைசர் வசந்தகுமார் ஒருநாள் வெள்ளி நிற டேப் கொண்டுவந்து, "கண்ணு முன்னாடி ஒரு துண்டு ஒட்டு, அப்புறம் அது உன்னக் கேள்வி கேக்காது" என்றார். லைனில் பழையவள் என்பதால் அவளிடம் சொன்னார். ஒட்டியவள் கவிப்பிரியாதான். உலகம்மாள் கத்திய அரை நிமிஷத்தில் வசந்தகுமார் முதலில் ஓடியது அவளிடம் அல்ல, டேப்பிடம். உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதலுதவிப் பெட்டியைத் தேடினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் சந்தை கூடியது.

ஆறு நாளும் நீலச் சட்டைக்குள் கிடக்கிற பெண்களுக்கு ஏழாம் நாள் ஒன்றுதான் தங்கள் நாள். அந்த ஒரு நாளுக்காக வாங்கிச் சேர்த்த குர்தியும் ஜீன்ஸும் ஊருக்குக் கொண்டுபோக ஆகாது. "இத எங்க ஊர்ல போட்டா எங்கண்ணன் வாசப்படி ஏற விடமாட்டான்" என்பாள் உலகம்மாள். அதனால் போகிறவர்கள் துணியைக் கொடியில் போட்டு விற்பார்கள், வருகிறவர்கள் வாங்குவார்கள். கடையில் எண்ணூறு என்றால் இங்கே இருநூறு. வாங்கியவள் தன் பெயரின் முதல் எழுத்தை உள்மடிப்பில் நூலால் தைத்துக்கொள்வாள், துவைக்கும்போது மாறிவிடக் கூடாது என்று. சந்தைக்குக் கவிப்பிரியா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஜிப் ஒழுங்காக ஏறாது என்றால் ஏறாது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்றாள் என்று தெரிந்தால் அவள் துணியை அவளே தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

உலகம்மாள் இடது கையால் ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு போட வேண்டியிருந்தது. கவிப்பிரியா உதவப் போனாள்.

"விடுட்டி, நானே போடுதேன். இனிமே எல்லாம் இந்தக் கைதானே."

"வலி எப்பிடிக் கீது?"

"வலி கெடக்கட்டும். எங்கம்மைட்ட என்ன சொல்லதுன்னுதான் தெரியல. பாத்ரூம்ல விழுந்தா விரலு எப்படிட்டி துண்டாப் போவும்? அவ படிக்காதவதான், ஆனா முட்டாள் இல்ல."

கவிப்பிரியாவின் பையில் இருந்த பேப்பர் கனத்தது.

புதியவர்கள் படியேறி வந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மாடி கலகலத்துவிட்டது. ஒருத்தி துப்பட்டாவைத் தோளில் போட்டுச் செல்போனில் முகம் பார்த்தாள். ஒருத்தி ஜீன்ஸை இடுப்பில் வைத்து அளந்தாள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த பூர்ணிமா கடுகு மஞ்சள் குர்தி ஒன்றை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எனுக்கு நல்லாக் கீதாக்கா?"

"ஒனக்குன்னு தச்சாப்ல இருக்கு" என்றாள் உலகம்மாள். "பொத்தான் ஒண்ணு நான் மாத்துனது. மத்தபடி கொறை இல்ல."

பூர்ணிமா உள்மடிப்பைத் திருப்பினாள். "ஷா, ம, சு, உ. நாலு பேரு போட்டதா? இவுங்கள்லாம் இப்ப எங்கக்கா கீறாங்க?"

கவிப்பிரியா விரல் வைத்துச் சொன்னாள். "ஷா, ஷாரோன். மார்த்தாண்டத்துக்கே போயிட்டா. ம, மஞ்சுளா. மறைமலை நகர்ல வேற கம்பெனில புது ஆளா நிக்கறா. சு, சுகன்யா. எங்கன்னு தெரியல. உ, இதோ நிக்கறா."

"ஒருத்தர்கூட பர்மனென்ட் ஆவலியா?"

"அந்தத் துணி ஆயிடுச்சே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

பூர்ணிமா உலகம்மாளின் கட்டைப் பார்த்தாள். "நீங்க பிரஸ்லதானேக்கா நின்னீங்க? நாளையிலேர்ந்து அந்த எடம் எனுக்குதான். நேத்து காண்டிராக்டரு கூட்டிக்கினு போய்க் காமிச்சாரு. ஈஸி வேலைம்மா, பிரச்சனையே கெடையாதுன்னாரு சூப்பர்வைசர்."

மஞ்சள் குர்தியோடு அந்த இடமும் அவளுக்குத்தான் போகிறது. உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். குறையைச் சொல்லாமல் விற்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட கவிப்பிரியா பூர்ணிமாவின் கையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. பத்து விரலிலும் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது.

"பிரச்சனை கீது" என்றாள் கவிப்பிரியா. குரல் வெளியே வந்துவிட்டது, இனிமேல் அதை உள்ளே தள்ள முடியாது. "அந்த மிஷின் கண்ண மறைச்சு டேப் ஒட்டியிருந்துது. ஒட்டச் சொன்னது வசந்தகுமார். ஒட்டுனது நான். உலகம்மா வெரலு பாத்ரூம்ல போவல, நான் ஒட்டுன டேப்புலதான் போச்சு. அவரு அன்னிக்கே உரிச்சிட்டாரு. நாளைக்கு டார்கெட் கொறஞ்சா உன் கிட்டயே குடுத்து ஒட்டச் சொல்லுவாரு."

 

உலகம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஒட்டுனத நான் அன்னைக்கே பாத்தேன்ட்டி" என்றாள். "டார்கெட் வந்தா நேரத்துக்கு ரூமுக்குப் போலாம்னு நானும்தான் சந்தோசப்பட்டேன். ஒன்ன வையதுக்கு எனக்கு வாய் வரல. ஆனா இத்தன நாளு சொல்லாம இருந்தியே, அதுதான் வலிச்சிது."

கவிப்பிரியா அழுதாள். யாரும் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று.

பூர்ணிமா குர்தியைக் கழற்றிக் கொடியில் திரும்பப் போட்டாள். "எனுக்கு வேணாம்க்கா. நாங்க வாங்கிட்டா நீங்க பையத் தூக்கிக்கினு போயிடுவீங்க. நீங்க போயிட்டா அந்த டேப்ப யாரு சொல்றது? நான் சொன்னா நேத்து வந்தவளுக்கு இன்னா தெரியும்பாங்க."

அவள் சொன்னதை மற்றவர்கள் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜீன்ஸ் வைத்திருந்தவள் ஜீன்ஸைக் கொடியில் போட்டாள். துப்பட்டா மடிந்து திரும்பியது. விற்க வந்தவர்களில் சிலருக்கு முகம் சுருங்கிற்று. அந்த இருநூறும் முந்நூறும்தான் அவர்களுக்குப் பஸ் காசு. "அப்ப நாங்க எத்தினி நாளுக்கு இங்க குந்திக்கினு இருக்கறது, சோத்துக்கு இன்னா பண்றது?" என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள். "எங்க தட்டுல பாதி" என்றாள் பூர்ணிமா. அது பெரிய பதில் இல்லை. வேறு பதிலும் அங்கே இல்லை.

கவிப்பிரியா பையிலிருந்து பேப்பரை எடுத்தாள். முன்பக்கம் அடித்திருந்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். பிறகு வெற்றாய்க் கிடந்த பின்பக்கத்தைத் திருப்பி, செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு நடந்ததைத் தன் கையால் எழுதினாள். டேப் ஒட்டியது நான் என்பதில் தொடங்கினாள். விபத்து பிரஸ்ஸில் நடந்ததென்று கம்பெனி எழுதித் தர வேண்டும், அதுவரை யாரும் காலி செய்ய மாட்டோம் என்று முடித்தாள். முதல் கையெழுத்து உலகம்மாளுடையது. இடது கையில் கோணல்மாணலாக, ஆனால் முழுப் பெயராக எழுதினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு இளங்கோவன் வேனோடு வந்தார். கொடி நிறையத் துணி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாவாரம் ஆவலியா?"

"வாங்குறவங்க வேணான்ட்டாங்க சார்."

"த பாரு, பொண்ணுங்க பஸ் காசுக்குத் தவிக்கறத என்னால பாக்க முடியாது. மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். சொல்லு, எவ்ளோ?"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அவர்களுக்கும் தெரியும்.

"உங்களுக்கு சைஸ் பத்தாது சார்" என்றாள் கவிப்பிரியா.

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. இளங்கோவனின் முகம் கறுத்தது. "பேப்பர் எங்க?"

அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தூரத்திலிருந்தே பின்பக்கத்தைக் காட்டினாள். எழுபத்தெட்டுக் கையெழுத்து இருந்தது. அதைப் பிடுங்க ஓரடி வைத்தவர், நாலைந்து செல்போன்கள் தன்னைப் படமெடுப்பதைக் கண்டு நின்றார்.

"உன்ன ரோல்ல எடுக்கச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும். நாளையிலேர்ந்து இந்த ஏரியாவுல உனுக்கு ஒரு கம்பெனி கதவும் தெறக்காது."

"நாலு வாட்டி தெறந்துது சார். ஒவ்வொரு வாட்டியும் வெளில தள்ளத்தான் தெறந்துது."

அவர் இறங்கிப் போனார். போகிற போக்கில் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியலில் ஒருத்திக்கும் முகம் கழுவத் தண்ணீர் இல்லை. அந்தப் பேப்பரைப் படமெடுத்து ஹெச்ஆருக்கு அனுப்பியும் கம்பெனியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பழையவர்களிடம் யூனிஃபார்ம்கூட இல்லை, சனிக்கிழமையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புதியவர்கள் நீலச் சட்டையிலும் பழையவர்கள் கிடைத்த உடுப்பிலுமாகச் சந்தில் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கவிப்பிரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டேப்பை ஒட்டியவள் என்று தன் மேலேயே கேஸ் போடலாம், போடுவார்கள். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"புதுப் பொண்ணுங்கள்லாம் ஏறுங்கம்மா" என்றார் இளங்கோவன். "இது அவங்க பிரச்சனை. உங்குளுது இல்ல."

"அந்த எடம் என்னுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் பூர்ணிமா. "அப்ப பிரச்சனையும் என்னுதுதான்."

அவர் யாருக்கோ போன் போட்டார். டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு இன்ஜினை அணைத்தார். அதற்குள் பக்கத்து ஹாஸ்டல் பஸ் பின்னால் வந்து, வழியில்லாமல் நின்று, ஹாரன் அடித்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். இங்கிருந்து ஒருத்தி எழுந்து போய்ச் சொன்னாள். சொன்னது ஜன்னல் ஜன்னலாக உள்ளே போயிற்று.

 பிறகு அந்த பஸ்ஸின் கதவு திறந்து, கவிப்பிரியாவுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் டிபன் பையோடு இறங்கி வந்தாள். உலகம்மாளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பக்கத்தில் இடம் தேடி உட்கார்ந்தாள்.

"எங்க லைன்ல ரெண்டு வெரலு" என்றாள். "தீபாவளிக்கு முன்ன."