வெள்ளை மாஸ்டரின் மகள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளில்லை கலீல். வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் ப்ளீச்சிங் வேலை முழுக்க அவன் பொறுப்பு. வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று வாயைக் கொடுத்தால் தீர்ந்தது, கையில் இருக்கிற டீ ஆறிப்போகும். பால் வெள்ளை, பஞ்சு வெள்ளை, நீலம் தட்டின வெள்ளை, வெளிநாட்டுப் பார்ட்டி கேட்கிற கண்ணைப் பறிக்கும் வெள்ளை. லைட் பாக்ஸுக்குள் துணியை வைத்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வைதான் பார்ப்பான். அரை ஷேடு மாறியிருந்தாலும் லாட்டு திரும்பிவிடும். பட்டறையில் அவன் பெயரே வெள்ளை மாஸ்டர். அப்பேர்ப்பட்டவன் சொந்தப் பிள்ளையின் வாயில் கோட்டைவிட்டான் என்றால் இதை எங்கே போய்ச் சொல்ல?

வீடு நல்லூரில். கலீலுக்கு நைட் ஷிப்ட். மனைவி நசீமாவுக்குப் பனியன் கம்பெனியில் பகல் வேலை, செக்கிங் டேபிளில். காலை எட்டரைக்கு அவன் பைக்கை நிறுத்த, அவள் டிபன் டப்பாவோடு வெளியே வர, வாசற்படியில் மகள் ரைசா கை மாறுவாள். இரண்டு வயது நிறையப் போகிற பிள்ளை. புருஷன் பெண்சாதி முகம் பார்த்துப் பேசுவது அந்த ஐந்து நிமிஷம்தான். அப்புறம் சாயங்காலம் வரை பிள்ளையும் அத்தாவும்.

பிள்ளை தூங்கினால்தான் அவன் தூங்க முடியும். ஆனால் அந்த மத்தியானத் தூக்கம் இருக்கிறதே, அதைச் சொர்க்கம் என்றே சொல்லலாம். ஜன்னலுக்கு அவன் கொண்டுவந்து மாட்டின வெள்ளைத் துணித் திரை. வெயில் அதில் வடிகட்டி அறைக்குள் வரும்போது சுவர், பாய், பிள்ளையின் கன்னம் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மிஷின்கள் விடாமல் ரீங்கரிக்கும். பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு ரைசா அவன் கைமேல் தலைசாய்ப்பாள். உறிஞ்சுகிற சத்தம் மெல்ல மெல்ல நிற்கும். அவனுக்குக் கனவு வரும். முடிவே இல்லாத வெள்ளைத் துணி தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதன்மேல் ரைசா கால் நனையாமல் நடந்து போவாள். எங்கே கண்ணு போறே என்று கேட்பான். திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்தச் சொர்க்கத்துக்கு ஒரு திருட்டு வாசல் இருந்தது. தடுப்பூசி போட்ட நர்ஸ் சொன்னதைக் கேட்டு, பாலில் இனிப்பே கூடாது என்று நசீமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வெறும் பாலை ரைசா தட்டிவிட்டாள். கலீலுக்கோ கண்ணில் மிளகாய் தேய்த்தது போல எரிச்சல். ஒருநாள் தாங்க முடியாமல் அலமாரியிலிருந்த பேரீச்சம்பழ சிரப்பை ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினான். சீனியா கலந்தோம், பேரீச்சம்பழம்தானே, பரக்கத்தான பழம், ரத்தம் ஊறும் என்று தனக்குத் தானே ஃபத்வா கொடுத்துக்கொண்டான். பிள்ளை வாயில் பாட்டிலோடு நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமானது. ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் ஆயிற்று. நசீமா வருவதற்குள் பாட்டில் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

ஒருநாள் ரைசா வாய்விட்டுச் சிரித்தபோது அவன் அதைப் பார்த்தான். மேல்வரிசை முன்பற்கள் நாலிலும் ஈறை ஒட்டி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு இழுத்ததுபோல. மற்றப் பல்லின் வெள்ளையைவிட ஒருபடி தூக்கலான வெள்ளை. அவனைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்து என்ன பிரயோசனம்? பூரித்துப்போனான் மனுஷன். மறுநாள் வாசற்படியில் நசீமாவைப் பிடித்து நிறுத்தி, எம் மக பல்லுலயே ஃபுல் வெள்ளை எடுத்துட்டா பாரு என்று காட்டினான். ரைசா சிரிக்கிற போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டான். பட்டறையில் இருக்கிறவனெல்லாம் அதற்குக் கைதட்டி அனுப்பினான்.

இரண்டு மாசத்தில் கோடு மஞ்சளித்தது. அப்புறம் டீக்கறை நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முகம் கழுவிவிட்ட நசீமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்கப் பனியனில் ஓட்டை தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் விட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாசமாக இருந்தபோது கால்சியம் மாத்திரையைக் குமட்டுகிறது என்று தூக்கிப் போட்டது, தன் அம்மா வீட்டில் எல்லோருக்கும் பல் சொத்தை என்பது, ஒன்று விடாமல் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பல்லு போனால் சொல்லு போச்சு என்று செக்கிங் டேபிளில் எவளோ சொன்னாளாம். பேச்சு இப்போதுதான் வருகிறது பிள்ளைக்கு, அதுவும் போய்விடுமோ என்று அழுதாள்.

கலீல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டில் போகும், தூக்கம் போகும், நசீமாவின் முகம் எப்படி மாறுமோ தெரியாது. அழாதே புள்ள என்று மட்டும் சொன்னான். பாவி, மறுநாள் மத்தியானமும் சிரப் ஊற்றினான், ஒரு ஸ்பூன் குறைத்துக்கொண்டு.

அன்றைக்கும் கனவு வந்தது. துணி ஓடியது, ஆனால் நடுவில் பழுப்புப் புள்ளிகள். கத்தரியால் புள்ளிகளை வெட்டி எடுத்தான். வெட்ட வெட்டத் துணி சுருங்கிக் கைக்குட்டை அளவுக்கு வந்தது. பளீரென்று வெளுத்த இடமாகப் பார்த்து விரலை வைத்தான். விரல் பொத்துக்கொண்டு மறுபக்கம் போனது.

திடுக்கிட்டு எழுந்தான். பட்டறையில் புதிதாக வருகிறவனுக்கு அவன் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. மருந்து மிஞ்சினால் துணி எல்லாவற்றையும்விட வெள்ளையாகத் தெரியும், விரலால் குத்தினால் பொத்துப்போகும், ரொம்ப வெளுத்ததை நம்பாதே. ரைசா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டை மெல்ல ஒதுக்கிப் பார்த்தான். முன்பல் ஒன்றின் ஓரம் உதிர்ந்திருந்தது. பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான்.

பல் உதிர்ந்ததை மட்டும் அவன் சொல்ல, மறுநாள் நசீமா அரைநாள் பெர்மிஷன் போட்டாள். பல் டாக்டர் மோனிஷா சின்ன வயசுக்காரர், பதறாதவர். கலீல் மடியில் பிள்ளையை உட்காரவைத்து, பஞ்சால் பல்லின் ஈரத்தை ஒற்றி எடுத்து, விளக்கைத் திருப்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். லைட் பாக்ஸ் முன்னால் நிற்கிற தன்னையே பார்ப்பதுபோல இருந்தது கலீலுக்கு.

“மொதல்ல வெள்ளையா ஒரு கோடு வந்திருக்குமே, பாத்தீங்களா? அதுதானுங்க சொத்தையோட ஆரம்பம். அப்பவே வந்திருந்தீங்கன்னா அப்படியே நிறுத்தியிருக்கலாம்.”

கைதட்டி வந்த மெசேஜ்கள் அத்தனையும் அவன் கண்முன்னே வந்தன. டாக்டர் அடுத்ததைக் கேட்டார், பிள்ளை தூங்கும்போது வாயில் என்ன இருக்கும் என்று.

நசீமாதான் முந்திக்கொண்டாள். “வெறும் பால்தானுங்க. ஒரு துளி இனிப்பு குடுக்கறதில்லீங்க. எல்லாம் என்னாலதானுங்க, மாசமா இருக்கறப்ப மாத்திரை சரியாப் போடலீங்க.”

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை.

“இல்லீங்க டாக்டர். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. பால்ல பேரீச்சம்பழ சிரப் நாந்தான் கலந்து குடுத்தனுங்க. தெனமும் மத்தியானம். நான் தூங்கோணும்னு.”

நசீமா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு, வெறும் பாலே வாயில் தேங்கினாலும் பல்லை அரிக்கும், இதில் சிரப் வேறு என்றார். இத்தனை சின்னப் பிள்ளையைக் குடைந்து அடைப்பதென்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். வேறொரு வழி உண்டு. சொத்தைமேல் தடவுகிற சொட்டு மருந்து, வலிக்காது, அரிப்பை நிறுத்தப் பார்க்கும். ஒன்றே ஒன்று, சொத்தை இருக்கிற இடம் கரிபோலக் கறுத்துவிடும். ஆறேழு வயதில் பால்பல் விழும்வரை அப்படித்தான் இருக்கும்.

பொம்பளைப் பிள்ளைக்கு முன்பல் நாலும் கறுப்பா என்று நசீமா கலங்கினாள். கல்யாண வீடு, பெருநாள், தெரு, ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி முடியுமா? அப்போதுதான் அவனை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

“வெள்ளை மாஸ்டரு என்ன சொல்றாரு?”

குத்த வேண்டும் என்றுதான் கேட்டாள். குத்தவும் செய்தது. கலீல் மடியிலிருந்த ரைசாவைப் பார்த்தான். அவள் டாக்டரின் கையுறையைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

“கறுப்பாவே ஆகட்டும் டாக்டர். போடுங்க.” அப்புறம் நசீமாவிடம் தணிந்த குரலில் சொன்னான். “யாராச்சும் கேட்டா எம் பேரச் சொல்லு. அவங்க அத்தா பண்ணுனதுன்னு சொல்லு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். டாக்டர் மருந்தைத் தடவிவிட்டு, ஆறு மாசத்தில் மறுபடி வரச் சொன்னார். இரண்டு வேளையும் பல் தேய்க்க வேண்டும், அரிசியளவு பேஸ்ட் போதும். தூக்கத்துக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. தினமும் வெளிச்சத்தில் பாருங்கள், கறுப்பு கறுப்பாகவே இருந்தால் நல்லது, பழுப்பு தலைகாட்டினால் உடனே வாருங்கள் என்றார்.

பாட்டில் இல்லாத முதல் மத்தியானம் ரைசா ஒன்றரை மணி நேரம் அழுதாள். இரண்டாம் நாளும் அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து நடந்து அவன் கால் ஓய்ந்தது. சிவந்த கண்ணோடுதான் வேலைக்குப் போனான். நசீமா தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அதுவும் நியாயம்தான். ஒன்பதாம் நாள், மிஷின் ரீங்காரத்துக்கு நடுவில், பிள்ளை அவன் சுண்டுவிரலைப் பிடித்தபடி தானாகவே கண்மூடினாள். அவனும் தூங்கினான். கனவில் துணியே இல்லை. வெறும் தண்ணீர், தெளிந்த தண்ணீர். ரைசா அதில் காலை நனைத்துக்கொண்டு, கறுத்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அதன்பிறகு வாசற்படிக்கு ஒரு வேலை கூடியது. நசீமா பிள்ளையைக் காலை வெயிலுக்குத் திருப்பிப் பிடிப்பாள், ரைசா ஆவென்று வாயைத் திறப்பாள், கலீல் தலையைச் சாய்த்துப் பார்த்துக் கறுப்பு ஓகே என்பான்.

ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றுவிட்டார். பிள்ளையின் வாயை உற்றுப் பார்த்தார். “ஏங்கண்ணு, புள்ள பல்லு ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்குது? என்ன ஆச்சு?”

கலீல் தலையைக் குனிந்துகொண்டான். அவன்தான் சொல்லச் சொல்லியிருந்தானே. சொல்லட்டும்.

நசீமா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். “சொத்தைக்கு மருந்து போட்டிருக்குதுங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அசந்து தூங்கிப்போயிட்டமுங்க.”

அவர் போனபிறகு பிள்ளையை அவனிடம் நீட்டினாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள் திரும்பி நின்றாள்.

“இன்னிக்கு இன்னும் சொல்லலீங்களே. ஓகேவாங்க?”

கலீல் பிள்ளையை வெயிலுக்குத் திருப்பித் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “கறுப்பு ஓகே” என்றான்.