வலது பக்கத்து ஜன்னல்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வருவதாக இருந்தது. முன்னறையின் வலது பக்கத்து ஜன்னலைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அந்த ஜன்னலடியில்தான் என் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்க நல்ல வெளிச்சம் வேண்டும் என்பாள். இனிமேல் சமையலறையில் டியூப்லைட்டுக்குக் கீழே தைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். அவள் சரி என்று சொன்னதாக நினைவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குரல்.

நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டை வைத்து, சரியான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்பார். அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். ஆனாலும் அவருடைய வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டிவிடலாம். பாட்டு தொடங்குமுன் அவர் மூச்சை இழுப்பது கேட்கும். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களைச் சோதித்துவிட்டு, அந்த ஒரு மூச்சைக் கேட்கத்தான் நான் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடமாக, நான் தினமும் கேட்கும் பாடகி நடுவில் நிற்பதில்லை. இடது பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போய்விட்டார்.

முதலில் வலது ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். குரல் இடது பக்கமே நின்றது. ஒயர்களை மாற்றினேன். அப்போதும் அசையவில்லை. ஆக, கருவியில் குறையில்லை, அறையில்தான் குறை என்று முடிவுக்கு வந்தேன். இடது பக்கம் கெட்டியான சுவர், வலது பக்கம் ஆள் உயர ஜன்னல். ஒலி அந்த வழியாக வெளியே போய்விடுகிறது. கணக்குச் சரியாக இருந்தது. திரை போட்டேன், பலகை சாத்தினேன், ஸ்பீக்கரை விரல்கடை விரல்கடையாக நகர்த்தித் தரையெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டேன். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பல்லவி முடிவதற்குள் எழுந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெசிபல் வந்தான். ஆடியோ கடையில் வேலை பார்க்கும் நண்பன். எந்தச் சத்தம் கேட்டாலும் அளவு சொல்லுவான் என்பதால் அந்தப் பெயர். என் நாற்காலியில் அவனை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன்.

“குரல் எங்கே இருக்கு?”

“நடுவுல.”

“நல்லாக் கேளு.”

“நல்லாத்தான் கேக்கறேன். நட்ட நடுவுல. இன்னும் கொஞ்சம் விட்டா என் மடியிலேயே வந்து உட்கார்ந்துடுவாங்க போல.”

மெஷினடியில் இருந்த என் மனைவி சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“கடைச் சத்தத்துல நின்னு நின்னு உனக்குக் காது மரத்துப்போச்சு.”

அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். “நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டிருக்கியா?”

“எதுக்கு? அடுத்து தலைகீழா நின்னு கேக்கச் சொல்லுவியா?”

“பெட்டியை மாத்தினே, ஒயரை மாத்தினே. மாத்தாதது ஒண்ணு பாக்கி இருக்குடா. செங்கல் வைக்கறதுக்கு முன்னாடி அதையும் பாத்துடு.”

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். தைத்து முடித்த துணிகளைக் கொடுக்க மனைவியும் பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாள்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது ஜன்னல் எனக்கு இடது கைப்பக்கம். குறை அறையில்தான் என்றால் குரல் சுவர்ப் பக்கம், அதாவது என் வலது பக்கம் வந்தாக வேண்டும்.

பாட்டு தொடங்கியது. பாடகி ஜன்னல் பக்கம் நின்று பாடினார்.

இடது காதை விரலால் அடைத்தேன். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. சொற்கள் மழுங்கின. மூச்சு இல்லவே இல்லை. விரலை எடுத்தேன், வந்தது. அடைத்தேன், போனது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பாட்டு முடிந்த பிறகும் விரல் காதிலேயே இருந்தது.

மனைவி உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது, முதுகைக் காட்டிக்கிட்டு? இப்போ பாட்டோடயும் பேச்சு இல்லையா?”

“வலது காது சரியாக் கேக்கலை.”

பையைக் கீழே வைத்தாள். “எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“போன்ல பேசறப்போகூடவா தெரியலை?”

“போனை இடது காதுலதான் வைப்பேன். வலது கையில பேனா இருக்கும்.”

“கடைக்கு வர்றவங்களை எல்லாம் இந்தக் கண்ணை மூடு, அந்தக் கண்ணை மூடுன்னு படுத்தறீங்க. உங்க காதை ஒரே ஒரு தடவை மூடிப் பாக்கத் தோணலையா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பவன். நல்ல காது தலையணைக்குள் போய்விடும். அவள் எனக்குப் பின்னால், வலது பக்கம் படுப்பாள். நான் பாட்டுக் கேட்கும்போது வலது பக்க ஜன்னலடியிலிருந்து பேசுவாள்.

“அப்போ நான் பேசினதுக்கெல்லாம் நீங்க வாயைத் திறக்காம இருந்தது…”

முடிக்கவில்லை. அவள் முகம் இளகியது. அதை அவ்வளவு அருகில் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

“நான் என்னென்னமோ நினைச்சுட்டேங்க. போன மாசம் தங்கச்சி வீட்டுல போய் நாலு நாள் இருந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?”

தங்கையைப் பார்க்கத்தான் போனாள் என்று நினைத்திருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடப் பழியை அந்தக் காது ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. நாளை வைத்தியரிடம் போவோம், அவள் கூட வருவாள், வழியெல்லாம் இடது பக்கமாக நடந்து வருவாள். அவள் காத்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“எல்லாத்துக்கும் காது காரணமில்லை” என்றேன்.

“என்ன சொல்றீங்க?”

“ஜன்னலை அடைச்சே ஆகணுமான்னு ஒரு நாள் கேட்டே. இந்தப் பக்கம், நல்ல காதுப் பக்கம் நின்னு கேட்டே. எனக்குக் கேட்டுச்சு.”

அவள் அசையவில்லை. “அப்புறம் ஏன் பதில் சொல்லலை?”

“சொன்னா பேச்சு வளரும். வளர்ந்தா ஜன்னலை அடைக்கற வேலை நின்னுடும்னு.”

“அது மாதிரி இன்னும் எத்தனை?”

யோசித்துப் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்காமல் விட்டதும் கேட்டும் விட்டதும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

“தெரியலை.”

போனை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். “கொத்தனார்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். “நாளைக்கு மட்டும் வேண்டாமா, இல்ல எப்பவுமே வேண்டாமா சார்?” என்று அவர் கேட்டார். எப்பவுமே என்றேன்.

நான் பேசி முடிப்பதற்குள் அவள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். விளக்குப் போடவில்லை, ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சக்கரம் ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. எழுந்து அறையைச் சுற்றிப் போய், நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றேன்.

“என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலை” என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னாளா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.