இரண்டு சொட்டுக்கு ஒரு திறப்பு விழா

ஒரு குப்பியைத் திறக்க ஆராவது ரிப்பன் வெட்டுவார்களா? திருகோணமலையில் வெட்டுவோம். தண்ணீர்த் தாங்கிக்கு வெட்டினோம், கழிவறைக்கும் வெட்டினோம். வெளிநாட்டிலிருந்து வந்த குப்பிக்கு மட்டும் வெட்டாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்?

குப்பிக்குள் இருந்தது இரண்டே சொட்டுப் பிறபொருளெதிரி. மறதி நோய் பிடித்த மூளையில் கெட்டுப்போன புரதம் எங்கே கிடக்கிறதென்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் சாமான். மூன்று வருடமாக எலி மூளையைச் சீவிச் சீவி அடுக்கிவைத்திருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி றுஷ்தாவுக்கு இனி அதுதான் கதி. இன்னொன்று வாங்க உதவிப்பணம் மிச்சமில்லை. இது கெட்டால் பட்டமும் இல்லை.

"சேர், அதை வெளியில வைக்க ஏலாது. வெக்கைக்குக் கெட்டுப்போகும்" என்று துறைத் தலைவர் ஸைனுலாப்தீனிடம் கெஞ்சினாள்.

"அரை மணித்தியாலம்தானே புள்ள. பிரதம அதிதிக்குச் சொல்லியாச்சு."

பிரதம அதிதிமாரின் அரை மணித்தியாலம் எவ்வளவு நீளமென்று அவளுக்குத் தெரியாதா? கெட்டிக்காரி. அதே மாதிரி ஒரு குப்பியில் இரண்டு சொட்டுப் பைப் தண்ணீரை விட்டு, லேபலும் ஒட்டி, வெள்ளித் தட்டில் வைத்துவிட்டாள். உண்மையான குப்பி ஆய்வுகூடப் பின்னறை ஃப்ரீசரை விட்டு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை, மூதூரில் இன்னொரு திறப்பு விழாவை முடித்துக்கொண்டு அதிதி பதினொரு மணிக்கு வந்தார். மாலை, ரிப்பன், கைதட்டல். தண்ணீரைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று முகம் சுருங்கினார். றுஷ்தாவுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு. பேசப் போனால் மைக் செத்துக் கிடந்தது. ஒலிபெருக்கிக்கார லாபிர் வயரை இழுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினார், மைக்குக்கு உயிர் வந்தது.

"மறதிதான் இந்த நாட்டைப் பிடிச்ச நோய்" என்று தொடங்கிய அதிதி, எங்கே விட்டோமென்று மறந்து, இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கினார். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. புரியாணிப் பார்சலும் கையுமாக எல்லோரும் பறந்தார்கள். சனி, ஞாயிறு போக, திங்கள் பௌர்ணமிப் போயா லீவு.

செவ்வாய்க்கிழமை காலை றுஷ்தா பின்னறைக் கதவைத் திறந்தால், தரையெல்லாம் ஈரம். ஃப்ரீசரின் பிளக் நிலத்தில் கிடந்தது, அது இருந்த இடத்தில் லாபிரின் வயர். குப்பியை எடுத்தாள். இளஞ்சூடு.

"அட, மறந்துபோனன் தங்கச்சி!" என்றார் லாபிர் போனில். "கூட்டம் முடிய மாத்திக் குத்துவம் எண்டு நெனச்சனான்."

ஒருக்கால் எட்டிப் பார்த்திருக்கலாமே நான், பார்சல் பங்கிட நின்றேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே குந்தி அழுதாள். மூன்று வருடம் போனது போனதுதான்.

ஸைனுலாப்தீன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "அழாதீங்க புள்ள! ஆர் மறந்தாலும் நான் மறக்கல்ல. விழா முடிஞ்ச கையோட தட்டில இருந்த குப்பிய எடுத்து, இறைச்சியெல்லாம் வெளியில போட்டுட்டு, என்ட வீட்டு ஃப்ரீசருக்குள்ள வெச்சனான்." ஐஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது.

"சேர், அது தண்ணி" என்றாள் றுஷ்தா. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் குப்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிரதம அதிதி திறந்துவெச்சது புள்ள" என்றார் மெதுவாக. "அது தண்ணியா இரிக்க ஏலாது. நீங்க ஆராய்ச்சியத் தொடங்குங்க."