கையைப் பின்னால் கட்டிக்கொண்ட கதை

1

உங்களுக்குப் பேரம் பேசும் சிரமம் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பெருமையடிக்கப் பிறந்தது. என் அண்ணன் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். எங்கள் துணிக்கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் ஷட்டரை இறக்குகிறார். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

அவள் பல்கலைக்கழகத்தில் படிப்பது ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும் தங்கள் அன்றாட வேலையைத் தாங்களே செய்துகொள்ள மறுபடி பழக்குகிற படிப்பு. பொத்தான் போடுவது, பல் துலக்குவது, தேநீர் கலக்குவது. "பொத்தான் போடச் சொல்லித்தர ஒரு பட்டமா?" என்று அண்ணன் ஆரம்பத்திலேயே கேட்டார். அவர் குரலில் அது கேள்வியே இல்லை, விலைகுறைப்பு.

2

தொடக்கம் ஒன்று: "மருத்துவமனை ஜன்னல் வழியே இளவெயில் மெல்ல—"

வேண்டாம். இளவெயிலில் தொடங்கும் கதையை நானே காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

தொடக்கம் இரண்டு: "சிறுவயதிலிருந்தே அவளுக்குப் பிறருக்கு உதவுவதென்றால்—"

இது அதைவிட மோசம். அவள் போன தடவை தோற்றதே அதனால்தான்.

செய்முறைத் தேர்வு. பக்கவாதத்திலிருந்து தேறி வருகிற ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும். இவள் வழி மட்டும் காட்ட வேண்டும். அவர் விரல் ஒருமுறை வழுக்கியது. இவள் கை பாய்ந்துபோய்ப் பொத்தானைப் போட்டுவிட்டது. சட்டைக் காலரையும் இழுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டும் தட்டியிருக்கிறாள். தேர்வாளர் அம்மையார் பேனாவை மூடிவிட்டார்.

கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது எங்கள் கடையில் வளர்ந்த கை. வாடிக்கையாளர் ஒரு துணியைப் பார்த்தாலே போதும், அது விரிந்து மேசைமேல் கிடக்கும். அவராகக் கைநீட்டி எடுக்கும்படி விட்டால் எங்களுக்கு அவமானம்.*

இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் முதல் விலையும் கடைசி விலையும் ஒன்றுதான்.

[* ஒருமுறை மழைக்கு ஒதுங்கியவருக்கும் விரித்துக் காட்டியிருக்கிறோம். வாங்கிக்கொண்டுதான் போனார்.]

3

வீட்டில் பழகுவதற்கு நோயாளி நான்தான்.

"சித்தப்பா, உங்க வலது கை விளங்கலன்னு வச்சுக்குங்க. இடது கையால சாக்ஸ் மாட்டுங்க."

"அடியே, ரெண்டு கையாலயே எனக்கு மூச்சு வாங்கும்."

"பேசாம மாட்டுங்க."

மாட்டினேன். அதாவது, மாட்டிக்கொண்டேன். கட்டைவிரலில் சிக்கிய சாக்ஸ் முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை.

"கொஞ்சம் இழுத்து விடேம்மா, உயிர் போகுது."

"நடிக்காதீங்க."

"நடிக்கத்தானே சொன்ன?"

அதற்குள் அவள் கை வந்து சாக்ஸைக் கணுக்கால்வரை ஏற்றிவிட்டது. "ச்சே! பாத்தீங்களா, மறுபடியும்!" என்று தன் கையையே அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒருவரிடம் விலையைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல வாயை மூடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் அதுதான் சூட்சுமம். விலையைச் சொன்ன பிறகு யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று பொருள். வந்தவர் துணியைத் தடவினார், பெருமூச்சு விட்டார், மனைவியைப் பார்த்தார். அண்ணனுக்கு உலகத்தில் மின்விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அப்பா, இதுதான்!" என்று கத்தினாள் இவள். "அவர் தனக்குள்ள பேசிக்கிட்டிருக்கார். நாம உள்ள பூந்தா கெட்டுடும். நீங்க சும்மா நிக்கல, அவருக்கு இடம் விட்டு நிக்கிறீங்க!"

வந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அண்ணன் அன்று மாலைவரை எங்கள் இருவரோடும் பேசவில்லை.

4

இனி வருவதை நான் பார்க்கவில்லை. தேர்வறைக்குள் சித்தப்பாக்களை விடுவதில்லை. ஆகவே நோயாளியை நானே தயாரிக்க வேண்டியிருந்தது. முதலில் சமையல்காரர் ஆக்கினேன். கதை முழுக்கத் தாளிக்கிற வாசனை அடித்தது. ஆசிரியர் ஆக்கினேன், ஓயாமல் அறிவுரை சொன்னார். கடைசியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கோபக்காரர், வலது கையில் பிடி குறைந்தவர்.

கைப்பயிற்சிக்காக அவள் கலர் கூம்புகளை அடுக்கச் சொன்னதும் தள்ளிவிட்டார். "இதை அடுக்கி நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்? என் வீட்டுக் கதவை நானே பூட்டணும். மாப்பிள்ளை பூட்டிட்டுச் சாவியைப் பையில போட்டுக்கிறாரு. கேட்டா, 'உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்'ங்கிறாரு."

(மாப்பிள்ளையை வில்லனாக்க மனம் வரவில்லை. பாசம்தான். அண்ணன் மகள் கைக்கு இருந்த அதே வியாதி.)

அவள் பலகையில் பொருத்திய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். விரலுக்குப் பிடி கிடைக்கச் சாவியின் தலையில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கினாள். "பூட்டுங்க ஐயா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். விலை சொல்லியாயிற்று. அவர் சாய்ந்தால் தாங்குகிற தூரத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சாவி விழுந்தது.

தேர்வாளர் அம்மையார் இவள் கையைப் பார்த்தார். இவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எடுத்துக் குடுத்தா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

"என் கை தேயாது ஐயா. உங்க கைதான் துருப்பிடிச்சிடும்."

டிரைவர் ஏதோ முணுமுணுத்தார். (எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பஸ் நிலையத்து வார்த்தை.) மேசையைப் பிடித்துக் குனிந்து சாவியை எடுத்தார். துளையைச் சுற்றிச் சுற்றிக் கீறினார். ஒருவழியாக நுழைத்தார். மணிக்கட்டைத் திருப்ப—

5

இங்கே மூன்று முடிவுகளை விரித்துப் போடுகிறேன். தொட்டுப் பார்க்கலாம், தொட்டவர் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

அ. சாவி திரும்புகிறது. அறையே கைதட்டுகிறது. (நன்றாகப் போகும் சரக்கு. ஒரு துவைப்பில் சாயம் போகும்.)

ஆ. திரும்பவில்லை. டிரைவர் கண்கலங்கி, "பரவாயில்லம்மா" என்கிறார். (இலக்கியத்தரமான துணி. உடுத்தினால் அரிக்கும்.)

இ. தேர்வாளரும் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு— (முடிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முதல் முடிவைத் தேர்ந்தெடுத்து அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"சாவி திரும்பிச்சுன்னு யாரு சொன்னா?"

"நான்தான். கதை என்னுது."

"டிரைவர்?"

"அவரும் என் சரக்குதான். நிஜத்துல யாரு, சொல்லேன்."

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது சித்தப்பா. பூட்டும் இல்ல, டிரைவரும் இல்ல. நான் தேறினது மட்டும் நிஜம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கடைசியில மேடம் கேட்டாங்க, 'அவ்வளவு நேரம் கஷ்டப்பட்டாரே, நீ ஏன் உதவல'ன்னு. உதவிக்கிட்டுத்தான் இருந்தேன் மேடம்னேன்."

இந்தத் தடவை பேரத்துக்கு இடமில்லாமல் விலை சொன்னது அவள்.

பிறகு என் தாளைத் தட்டினாள். "அவரால முடியும்னு இவ்வளவு தூரம் எழுதிட்டு, நீங்களே சாவியைத் திருப்பி விட்டா எப்படி? அந்தப் பொத்தானை நான் போட்டேனே, அதானே இது?"

6

ஆகவே முதல் முடிவை அடித்துவிட்டேன். மற்ற இரண்டையும்கூட. டிரைவர் இன்னும் அப்படியே நிற்கிறார். சாவி துளைக்குள், பல்லைக் கடித்தபடி.

என் தோளுக்குப் பின்னால் நின்று அண்ணன் படித்துவிட்டார். "பாவம்டா அந்த மனுஷன், ஒரு வரி எழுதித் திருப்பி விட்டுட்டுப் போயேன்!"

"அண்ணா, ஃபேனைப் பாருங்க."

பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, மேலே பார்த்தபடியே, "எம் பொண்ணு சொல்லித்தான் கதையை இங்க நிறுத்தி வச்சிருக்கியா?" என்றார். அந்த 'எம் பொண்ணு'வை அவர் எந்த விலைக்கும் விட்டுத்தர மாட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

நீங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பரபரக்கும், எனக்கும் பரபரக்கிறது. அவருக்கு அவசரமில்லை, அவர் வீட்டுக் கதவு, அவர் கை. பூட்டு விழும் சத்தம் உங்களுக்குக் கேட்டால் மட்டும் சொல்லியனுப்புங்கள். பாத்திரக்கடை ஷட்டரைத் தட்ட எனக்கு இன்னொரு காரணம் வேண்டும்.