மாடிப்படிக்கு ஜலதோஷம்

அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது அவள் காதில் விழுந்தது.

"கடைசி நேரத்துல நினைவு தப்பிடுச்சுங்க. என்னென்னவோ உளறினாரு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

காலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் இதையேதான் சொல்கிறான். அப்பா கூடத்தில் நீட்டிப் படுத்திருக்கிறார், சுடுகாட்டு வண்டி வரப்போகிறது. ஒரு மனுஷன் இனிமேல் மறுத்துப் பேச முடியாது என்றானதும் எவன் வேண்டுமானாலும் அவரைப் பைத்தியமாக்கிவிடலாம் போலிருக்கிறது.

நாற்காலி எடுக்க அண்ணன் உள்ளே வந்தான். அவள் வழியை மறித்து நின்றாள்.

"அப்படி என்னதான் உளறினாரு?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லு."

"மாடிப்படிக்கு ஜலதோஷம், கம்பளி போர்த்துங்கன்னாரு. குளிருதோன்னு நர்ஸம்மா போர்த்திவிட்டாங்க. அதைத் தூக்கி எறிஞ்சிட்டு மறுபடி அதையே சொன்னாரு. சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. வார்டே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம்தான் தூங்க ஊசி போட்டாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

'ஒன்றரைக் காது' நகைச்சுவைக் குழுவின் கேசட்டில் வரும் வசனம் அது. படிக்கட்டு தும்மும், குடைக்குக் கல்யாணம் நடக்கும். காதால் மட்டுமே பார்க்க முடிகிற அந்தக் கிறுக்கு உலகத்துக்கு அப்பா இளவயதிலேயே குடிபோய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில், கையெல்லாம் கிரீஸோடு, கேட்டுக்கேட்டுத் தனியாகச் சிரிப்பார். கேசட் போய் போன் வந்தும் ஆள் மாறவில்லை. அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வசனத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அடுத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் ஆள் இன்னும் சத்தமாகச் சொல்வார். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் நடந்த கூத்து இது.

"அது உளறல் இல்ல. அவரு தெளிவாத்தான் இருந்திருக்காரு. உன்கிட்ட விளையாடியிருக்காரு. பதில் வரும் வரும்னு பாத்திருக்காரு. நீ ஊசிக்குத் தலையாட்டியிருக்க!"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? போன்ல நான் கிளம்பி வரேன்னப்ப என்ன சொன்ன? அப்பா தூங்குறாரு, காலைல வந்தாப் போதும்னியே! அவரு தூங்கல, தூங்க வச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் கண்ணே முழிக்கல. பாவி, போனை அவரு காதுல வச்சிருந்தா நான் சொல்லியிருப்பேனே!"

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போர்த்தியாச்சு, இப்போ கைப்பிடி தும்முது," என்றான்.

அதேதான் அடுத்த வசனம்.

"எனக்கும் தெரியும்டி. நானும் இந்த வீட்லதான வளந்தேன். டாக்டர் நின்னுட்டிருந்தாரு. என் ஆபீஸ்காரங்க வேற பாக்க வந்திருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி கைப்பிடி தும்முதுன்னு எப்படிச் சொல்றது? மானம் போயிடும்னு இருந்துச்சு."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். ஒரே ஒரு வரி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேசிக்கொண்டிருந்த அப்பாவை ஊசியில் அடக்க விட்டிருக்கிறான். அறைந்துவிடலாம் போலிருந்தது.

அதற்குள், அப்பாவோடு லிஃப்ட் வேலை பார்த்த ஸ்பானர் மாமா அறை வாசலுக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி, நீதானப்பா பக்கத்துல இருந்த? கடைசியா என்ன பேசினாரு?"

"நினைவு..." என்று ஆரம்பித்த அண்ணன், தங்கை முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மாமா காத்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

ஏதாவது எடுத்துக்கொடு என்பதுபோல அண்ணன் மறுபடியும் அவளைப் பார்த்தான். அவள் திரும்பிக்கொண்டு, தலையணை உறையைக் கழற்றத் தொடங்கினாள்.