முழங்காலளவு ஏரி

ஜூன் மாதக் கடைசியில், செயின்ட்-மிஷேலில் நிரஞ்சனியின் மேல்மாடி வீட்டுக்குள் முழங்காலளவுக்கு ஏரித் தண்ணீர் வந்து நின்றது. அவளுடைய புருசன் றஜிந்தன் லாக் செயின்ட்-பிரான்சுவா ஏரியில் விழுந்து காணாமற்போன அதே வாரம். குழாய் எதுவும் வெடிக்கவில்லை. வீட்டுக்காரர் அனுப்பிய பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஈரக் கையை மணந்து பார்த்தார், இது நகரசபைத் தண்ணீர் இல்லை, ஆகவே தன்னுடைய வேலையும் இல்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டு மதாம் ரோஸ்லீன் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜூலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் புல் முளைத்தது. அது சோபாவைச் சுற்றிப் படர்ந்து, நடைவழியால் சமையலறைக்குள் போனது. புல்லுக்குப் பின்னால் பாஸ் மீன்கள் வந்தன. நிரஞ்சனி கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிறவள். காலையில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கடந்து, மாடிப்படியில் குந்தியிருந்து காலைத் துடைத்துச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

றஜிந்தன் போனதைக் கண்ணால் கண்டது அவளுடைய தமையன் விமலநாதன் ஒருவன்தான். வள்ளம் அவனுடையது. பாஸ் பிடிக்க அனுமதி தொடங்கிய முதல் சனிக்கிழமை, இருவரும் புல் மண்டிய ஒரு குடாவுக்குள் போயிருந்தார்கள். றஜிந்தனின் தூண்டில் புல்லில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க எழும்பியவன் நிலை தவறித் தண்ணீருக்குள் விழுந்தான். விழுந்த இடம் நெஞ்சளவுதான். எழும்பி நின்று, முகத்தை வழித்துவிட்டு, "மச்சான், சேறு இழுக்குது" என்று சிரித்தான். தூண்டிலை நோக்கிக் கொஞ்சம் நடந்தான். புல் அசைந்தது. பிறகு புல் மட்டும்தான் நின்றது. பொலிஸ் சுழியோடிகள் வந்து நாள்கணக்கில் தேடினார்கள். புல் அடர்த்தி, கை வைத்த இடத்தில் கை தெரியவில்லை என்று சொல்லித் தேடுதலை நிறுத்தினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த சனம் சேலையையும் காற்சட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. சோபாவில் காலை மடித்து இருந்து தேத்தண்ணி குடித்தது. வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, கேட்டது வேறு. நெஞ்சளவு தண்ணியில ஆம்பிளை ஒருத்தன் சாவானோ? கோயில் மண்டபத்தில் அந்தக் கேள்வி காலூன்றி, ஆவணிக்குள் அதற்குப் பதிலும் வந்துவிட்டது. றஜிந்தனைத் தூரத்து ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தாடியோடு கண்டவர்கள் இருந்தார்கள். பிரம்டனில் ஒரு பெண்ணோடு கண்டவர்களும் இருந்தார்கள். கொக்குவிலில் இருந்து மாமியார் தொலைபேசியில், என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான், தர்ப்பையில பொம்மை செய்து கொள்ளி வைக்க நான் விடமாட்டன், நீ என்ன சொல்லி அவனைக் கலைச்சனி எண்டு யோசிச்சுப் பார் என்றார். ஐயர் கையை விரித்தார். தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நாலு பேருக்கு முன்னால் போகவும் முடியாமல், நிரஞ்சனி அதைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு திரிந்தாள்.

அவன் ஓடிப்போகவில்லை என்று அடித்துச் சொல்ல அவளாலும் முடியவில்லை. சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் கதையும் இருக்கவில்லை. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடி றஜிந்தன் கதைத்ததெல்லாம் தூண்டில்களைப் பற்றித்தான். அவள் போனைப் பார்த்தபடி "ம்" என்பாள்.

ஆவணி முடிகிற நேரம், ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் அரிசி களைந்துகொண்டு நின்றபோது, சாப்பாட்டு மேசைப் பக்கத்துப் புல் விலகியது. பாஸ் மீனுக்கு அவ்வளவு அகலமாக விலகாது. ஏதோ ஒன்று மேசைக்கு அடியால் படுக்கையறைப் பக்கம் போனது. புல் மூடுமுன் நீலக் கட்டம் போட்ட சட்டைக் கை ஒன்றைக் கண்டாள். அரிசிச் சட்டியை வைத்துவிட்டுத் தமையனை அழைத்தாள்.

விமலநாதன் தான் இருக்கும் கர்க்லாண்டில் இருந்து வந்து, வாசலில் நின்றபடி கேட்டான்.

"அவன்தானோ?"

"ஓம் அண்ணை. அண்டைக்குப் போட்டுக்கொண்டு போன சேட்டு."

"உயிரோடயோ?"

"எனக்குத் தெரியேல்லை. எப்பிடியெண்டாலும் வெளியில எடுக்கவேணும். சனத்துக்கு முன்னால கொண்டுவந்து வைக்கவேணும்."

கையால் துழாவினார்கள். மேலே முழங்காலளவாக இருந்த தண்ணீர் புல்லுக்குள் கையை விட்டால் தோள் வரைக்கும் போனது, தரை தட்டுப்படவில்லை. இலை கூட்டும் வாரியால் இழுத்தார்கள். புல் கொத்துக் கொத்தாக வந்தது, வந்த இடம் உடனே மூடிக்கொண்டது. கடைசியில் விமலநாதன், தூண்டில்தான் போகும் என்றான். றஜிந்தனின் தூண்டில் தடியை எடுத்துக் கொடுத்தான். ஆனால் அவனுடைய தூண்டில் பெட்டியைத் திறக்கமாட்டேன் என்றான். அந்தக் குடாவில் மச்சான் தூண்டிலை எடுக்க எழும்பியது அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. நிரஞ்சனிதான் திறந்தாள்.

உள்ளே அவன் தூண்டில் என்று சொல்லும், கொக்கி தொங்கும் பிளாஸ்டிக் மீன்கள் தட்டுத் தட்டாகக் கிடந்தன. எதைக் கட்டுவது என்று தெரியாமல் நின்றவளுக்கு, அவள் கேட்காமல் விட்ட கதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தது. வாய்க்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி உதடு வைத்தவை ஆழத்துக்கு. புல்லுக்குள் போட்டால் மண்வெட்டி மாதிரி புல்லை அள்ளும். உதடில்லாதவைதான் புல்லுக்கு. தட்டையான உடம்பு, வயிற்றுக்குள் கிலுகிலுக்கும் குண்டுகள், எறிந்து இழுத்தால் நடுங்கிக்கொண்டு வரும். அதிலும் பாரமானதைப் போடாதே, ஆழம் குறைந்த இடத்தில் அது நேரே சேற்றுக்குப் போகும். அவள் பாரமானதையே முதலில் போட்டாள், அது நேரே சேற்றுக்குப் போனது. பாரம் குறைந்ததை மாற்றினாள். சிவப்பு வசந்த காலத்துக்கு, நண்டு வெளியே வரும் நேரத்துக்கு. இப்போது பச்சையும் மஞ்சளும். தண்ணீர் தெளிவாக இருந்தது. பல குண்டுகள் கிலுகிலுக்கும் தூண்டிலுக்கு மீன்கள் கலைந்து ஓடின. ஒற்றைக் குண்டு டொக் டொக் என்று தட்டும் ஒன்றை எடுத்தாள். புல்லில் மாட்டினால் இழுக்கக்கூடாது, மணிக்கட்டால் வெடுக்கென்று வெட்டி விடவேண்டும். தூண்டில் புல்லை அறுத்துக்கொண்டு துள்ளுகிற அந்தக் கணத்தில்தான் மீன் கொத்தும். எல்லாம் அவன் சொன்னவைதான். இவ்வளவையும் அவன் அவளைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தடியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்று அழுதாள். விமலநாதன் யன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

புரட்டாதி முழுக்க வேலையால் வந்து பொழுது மங்கும் வரைக்கும் எறிந்தாள். பாஸ் மீன்கள் வந்தன. கொக்கியைக் கழற்றித் திரும்ப விட்டாள். ஒருநாள் அவனுடைய தொப்பி வந்தது. பிறகு ஒரு சப்பாத்து. பிறகு நெடுநாள் ஒன்றும் வரவில்லை. வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்தபோது வீட்டுக்குள் புல்லும் பழுப்பாகிச் சாயத் தொடங்கியது. புல் சாகிற காலத்தில் வெள்ளி நிறம், அதுவும் இன்னும் பச்சையாக மிஞ்சி நிற்கிற இடத்தைத் தேடிப் போடவேண்டும், எல்லாம் அங்கேதான் ஒதுங்கும் என்று அவன் ஒரு தீபாவளிச் சாப்பாட்டில் சொல்லியிருந்தான். படுக்கையறைக்குள், அவன் பக்கத்துக் கட்டில்காலைச் சுற்றி, ஒரு பாயளவு புல் பச்சையாக நின்றது. அன்றைக்கு விமலநாதனும் வந்திருந்தான். வெள்ளித் தூண்டிலைக் கட்டி அங்கே எறிந்தாள். மாட்டியது. வெட்டி விட்டாள். அறுக்கவில்லை. மீன் மாதிரித் துள்ளவும் இல்லை. கனமாக, மறுப்பில்லாமல், சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிற ஆளைப் போல வந்தது.

"அண்ணை, பிடியுங்கோ."

இருவருமாகத் தூக்கினார்கள். கொக்கி சட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தது. தோலில் எங்கும் கீறல் இல்லை. அவன் ஊதவுமில்லை, அழுகவுமில்லை. பிடரியிலும் காதிலும் புல் சுற்றியிருந்தது. உயிர் இல்லை. எப்போதோ போய்விட்டது. கையில் தூக்கிப் பிடித்த நேரத்தில் அவளுக்கு முதலில் வந்தது துக்கமில்லை, அவன் ஸ்காபரோவில் இல்லை என்ற ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்து அவள் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள்.

அம்புலன்ஸ்காரர்கள் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பரிசோதித்த வைத்தியர் நுரையீரலில் ஏரித் தண்ணீர் என்று எழுதினார். எந்த ஏரி, எங்கே எடுத்தது என்று யாரும் துருவவில்லை. செத்தவீட்டுக்கு மண்டபம் கொள்ளாத சனம் வந்தது. தாடியோடு கண்டவர்களும் வந்தார்கள், பெட்டிக்குள் மழித்த முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமியார் தொலைபேசித் திரையில் பார்த்து, திரையை நெற்றியில் வைத்துக்கொண்டு இருந்தார். நிரஞ்சனி தாலியைக் கழற்றி அவன் நெஞ்சில் வைத்தாள்.

அவன் எரிந்து முடிந்ததும் தண்ணீர் வற்றிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வற்றவில்லை. மார்கழியில் சுவரோரம் மெல்லிய பனிக்கட்டி பிடித்தது, சித்திரையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ் மீன்கள் முட்டை போட இடம் துப்புரவு செய்தன. கர்க்லாண்டுக்கு வந்துவிடு என்று விமலநாதன் கேட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண் மாடிப்படியில் வந்து நின்றாள். பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருக்கிறவள், பெயர் தாட்சாயினி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பஸ்ஸில் வந்த களைப்போடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, உங்கட அவரை நீங்கள்தான் எடுத்தனீங்களாம்."

"ஓம் அம்மா."

"என்ர மகன் இந்த ஏரியில போகேல்லை. யுத்தத்தின்ர கடைசி நாளையில நாங்கள் நந்திக்கடலுக்குள்ளால நடந்து வந்தனாங்கள். என்ர கையிலதான் பிடிச்சிருந்தவன். இஞ்சால் கரையில ஏறிப் பாத்தன், கையில அவன் இல்லை." அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். "இதுக்குள்ள பாக்க விடுவீங்களோ?"

நிரஞ்சனி விலகி வழி விட்டாள். பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"தண்ணி எவ்வளவு?"

"இடுப்பளவு. சில இடத்தில நெஞ்சு."

"அடியில புல்லோ, சேறோ?"

"ரெண்டும் பிள்ளை. சாதாளை எண்ட கடல் புல்லும் கிடந்தது."

"தெளிவோ?"

"கலங்கல். அவ்வளவு சனம் நடந்த தண்ணி."

கலங்கலுக்குத் தெளிவான தண்ணீரின் தூண்டில் உதவாது. நிரஞ்சனி பச்சையை ஒதுக்கினாள், வெள்ளியை ஒதுக்கினாள். பொன்னிறத்தில், வயிறு நிறையக் குண்டுகள் உள்ள, தூரத்துக்கும் சத்தம் கேட்கிற ஒன்றை எடுத்துக் கட்டினாள். தாட்சாயினி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். எறியத் தெரியவில்லை, நிரஞ்சனி பின்னால் நின்று அவள் முழங்கையைப் பிடித்து எறிய வைத்தாள். தூண்டில் கிலுகிலுத்துக்கொண்டு வெறுமனே வந்தது. மறுபடியும் வெறுமனே வந்தது. வெயில் யன்னலால் இறங்குகிற நேரத்தில் கொக்கியில் கறுப்புச் சாதாளை ஒரு கைப்பிடி வந்தது. அந்த வீட்டில் அதுவரை முளைக்காத சாதி. தாட்சாயினி அதில் ஒரு நாரைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

நிரஞ்சனி கொக்கியைத் துப்புரவாக்கிக் கொடுத்தாள். அவள் திரும்ப எறிந்தாள்.