ஆடியில் காலியாகாத எட்டு வீடுகள்

மாநகராட்சியில் குப்பைக்கு ஒரு பிரிவு உண்டு, குழாய்க்கு ஒரு பிரிவு உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு போன வருஷம்தான் வந்தது. அதற்குத் தலைமை கவிப்பிரியா. மூன்று மேசை, ஒரு பழைய ஜீப். கவனிக்க வேண்டியதோ ஊர் முழுக்க லைன் வீடுகள்.

மங்கலம் சாலைப் பக்கம் அப்புசாமிக்கு அப்படி எட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. எட்டுக்கும் சேர்த்து ஒரே பின்சுவர். அது உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. என்ஜினியர் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாள் தாங்காதுங்க மேடம்" என்றார். கவிப்பிரியா ராப்பகலாக உட்கார்ந்து உத்தரவு எழுதினாள். எட்டுக் குடும்பமும் அடுத்த தெருச் சமுதாயக் கூடத்துக்குப் போக வேண்டும், அப்புசாமி சுவரைக் கட்ட வேண்டும், கட்டியதும் அதே வாடகைக்கு அவர்களே திரும்பி வர வேண்டும். ஓட்டையே இல்லாத உத்தரவு என்று அவளுக்கு உள்ளூரக் கர்வம். தேதி போடும்போது மட்டும் இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துத் தொலைத்தாள். ஜூலை பத்தொன்பது. தமிழுக்கு அது ஆடி மூன்று.

அன்று ஜீப்பில் போய் இறங்கினால் ஒரு சட்டிகூட நகர்ந்திருக்கவில்லை.

"ஆடியில யாராச்சும் ஊடு மாறுவாங்களா மேடம்? ஆவணி பொறக்கட்டுங்க" என்றார் கன்னையன். நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். தூக்கத்தில் எழுப்பிவிட்ட கோபம் அவர் முகத்தில் இருந்தது. அவர் மனைவி மயிலாளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கவிப்பிரியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வீட்டிலேயே ஆடியில் கட்டிலை இடம் மாற்றிப் போட விடமாட்டார்கள். படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு தேதியில் போயிற்று.

அப்போது கடைசி வீட்டு ரோஸ்மேரியும், "ஆமாங்க மேடம், ஆடி ஆகாதுங்க" என்றாள்.

ரோஸ்மேரி பனியன் கம்பெனியில் டெய்லர். அவள் தலைக்கு மேலே நிலைப்படியில் மாதா படம் இருந்தது. கவிப்பிரியா படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களுக்கு எப்ப இருந்துங்க ஆடி?"

ரோஸ்மேரி சிரித்துவிட்டாள். சிரித்த வாக்கில் உண்மையும் வந்துவிட்டது.

"முன்னால இருந்த லைன்லயும் இப்படித்தானுங்க, ஒரு மாசம் மராமத்துன்னு அனுப்புனாங்க. திரும்பி வந்தா எங்க ஊட்டுல வேற ஆளுங்க. கேட்டா, நீங்கதான காலி பண்ணிட்டுப் போனீங்கன்னாங்க. எங்களுக்குச் செவுத்தக் கண்டு பயமில்லீங்க மேடம். வெளிய போறதுதான் பயம்."

"திரும்பி வரலாம்னு உத்தரவுலயே இருக்குதுங்களே."

"இருக்குதுங்க. காயிதத்துக்குள்ள போய்க் குடியிருக்க முடியுங்களா?"

 கவிப்பிரியா அங்கிருந்த துணி துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என்ன இருந்தா போவீங்க? நீங்களே சொல்லுங்க."

"எங்க சட்டி பானை உள்ளயே இருக்கோணும். எங்க பூட்டு தொங்கோணும். அப்ப அது காலி பண்ணுன ஊடு ஆகாதுங்க."

"ஊடு மாறுனதாவும் ஆகாது. ஆடிக்கும் பங்கமில்லீங்க" என்றார் கன்னையன்.

உத்தரவின் அடியில் கவிப்பிரியா பேனாவாலேயே எழுதினாள்: இது காலி செய்தல் அல்ல, வெளியே தங்குதல், பூட்டும் சாவியும் குடியிருப்போருடையவை. பிறகு அப்புசாமியிடம் கொண்டுபோனாள். மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"என்ற ஊட்டுக்கு அவங்க பூட்டா?"

"ஆடியில காலியாச்சுன்னா ஆவணி வரைக்கும் ஒரு ஈ காக்கா குடி வருங்களா? எட்டு ஊடும் பூட்டு இல்லாம, சாமான் இல்லாம, வெறிச்சுன்னு கெடக்கட்டுங்களா?"

அப்புசாமி தாடையைச் சொறிந்தார். ஆடி அவருக்கும் ஆடிதான். கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே எட்டுக் குடும்பமும் பாயும் துணிமணியுமாகக் கூடத்துக்குப் போயின.

நான்காம் நாள் காலை பதினோரு மணி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று காற்றோடு தூறலும் சேர்ந்துகொண்டது. போன் வந்தது. "மேடம், செவுரு உளுந்துருச்சுங்க."

எட்டுப் பின்னறையும் செங்கல்லுக்கு அடியில் கிடந்தன. கவிப்பிரியா கூடத்துக்கு ஓடித் தலைகளை எண்ணினாள். வேலைக்குப் போனவர்களுக்குப் போன் போட்டாள். ரோஸ்மேரி எடுக்கவில்லை, அவள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். மற்ற எல்லாரும் இருந்தார்கள், ஒருவரைத் தவிர.

"இங்க சத்தத்துல தூக்கமே வரலீன்னு எந்திரிச்சுப் போனாருங்க மேடம்" என்று மயிலாள் அலறினாள். "நம்ம ஊட்டுலயே போய்ப் படுத்துக்கறேன்னு போனாருங்க!"

கவிப்பிரியா இடிந்த வீடுகளுக்கே திரும்பி ஓடினாள். பூட்டும் சாவியும் குடியிருப்போருடையவை. தன் கையாலேயே எழுதிய வரி. அந்த வரி இல்லாவிட்டால் அவர் உள்ளே போயிருக்க முடியாது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அவளும் செங்கல்லை எடுத்துப் போட ஆரம்பித்தாள். பக்கத்தில் அப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கன்னையா! கன்னையா!" என்று இடிபாட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் இங்க இருக்கறனுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ரோஸ்மேரியின் மொபெட்டிலிருந்து கன்னையன் இறங்கிக்கொண்டிருந்தார். அவள் கழுத்தில் ஒரு கயிற்றில் எட்டுச் சாவிகள் தொங்கின.

"நீங்களே நாயத்தச் சொல்லுங்க மேடம்! என்ற சாவிய இவங்க வெச்சுக்கிட்டாங்க. கம்பெனி கேட்டு வரைக்கும் போய்க் கேட்டா, டீ டைம் வரட்டும்னு வாட்ச்மேன் சேர்லயே உக்கார வெச்சுட்டு..."  அவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"இவரு இப்படிப் படுக்க வருவாருன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள் ரோஸ்மேரி. "அதான் மொத நாளே எல்லாச் சாவியும் வாங்கிப் போட்டுக்கிட்டனுங்க. இப்பவும் கூடத்துலயே கொண்டுபோய் உடலாம்னுதான் கூட்டியாந்தனுங்க."

கவிப்பிரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை பேர் முன்னால் ஓர் அதிகாரி அழலாமா என்று யோசிக்கவில்லை; ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.  பதட்டத்தில் சாவி ரோஸ்மேரியிடம் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை; மயிலாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

கன்னையன் யாரையும் கவனிக்கவில்லை. அப்புசாமியைத்தான் பார்த்தார். "ஏனுங்க, இப்பவும் அது என்ற ஊடுதானுங்களே?"

 அப்புசாமிக்குக் கையெல்லாம் செம்மண் புழுதி. "உன்ற ஊடுதான் கன்னையா. நீ இருக்கறயே, அது போதும். செவுத்த நான் கட்டறேன்."

"அப்பச் செரிங்க" என்றார் கன்னையன். "போய்த் தூங்கறனுங்க."

கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் கவிப்பிரியா வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பினாள். அவர் எழுந்திருக்கும் வரை சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானே வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.